எலும்புக்கேற்ற உலோகம்

(ஏற்காட்டில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எலும்பு முறிந்த இடத்திலும் மூட்டு அழிந்த இடத்திலும் வைத்தியர்கள் பொருத்துகிற உலோக உறுப்புகளை முப்பரிமாண அச்சு முறையில் செய்வதைப் பற்றிப் பேசும்படி என்னை அழைத்திருக்கிறீர்கள். அதற்கு வருமுன், சேர்வராயன் கோயில் இருக்கிற மேட்டு வெளியின் செம்மண்ணைப் பற்றிச் சிறிது பேசப் போகிறேன்; அப்பிரஸ்துதம் என்று எண்ணாமல் பொறுத்தருள வேண்டும். யுகயுகமாகப் பெய்த மழையில், இந்த மலைக்கு ஆதாரமான சார்னோக்கைட் பாறையிலிருந்து கரையக்கூடியதெல்லாம் கழுவுண்டு போக, கரையாத அலுமினிய, இரும்புச் சத்துகள் மேலே தங்கி, அவையே பாக்சைட் என்னும் கனிமமாக இந்த உச்சிகளில் படிந்திருக்கின்றன. மேட்டூரில் 1965ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கிய மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, இந்த மலையிலிருந்தும் பக்கத்துக் கொல்லிமலையிலிருந்தும் அதை வெட்டிக் கொண்டுபோய், காவிரிக் கரையில் உருக்கி, கட்டியாகவும் கம்பியாகவும் விற்றது. 2008இல் அந்த உருக்காலை அடங்கிவிட்டது. லாரிகள் இந்த வளைவுகளில் இறங்கியதைப் பார்த்தவர்கள் இந்தச் சபையிலேயே பலர் இருப்பீர்கள்.

மலையை விட்டு இறங்கினால், சேலத்துக்கு முந்தி வெள்ளைக்கல் சுரங்கங்கள் கண்ணுக்குப் படும். ரெயில் நிலையமொன்றுக்கே மேக்னசைட் ஜங்ஷன் என்று பெயர் வைக்கும் அளவுக்குப் பேர்பெற்ற அந்தக் கல், மக்னீசியம் என்ற உலோகத்தின் கார்பனேட் உப்பு. அதைச் சூளையில் சுட்டு, எஃகு உருக்கும் உலைகளுக்கு உட்செங்கல்லாக வார்ப்பதே அங்கே நடந்துவந்த பிரதானமான தொழில்.

இந்த இரண்டையும் ஏன் சொன்னேன் என்றால், எலும்பு வைத்தியத்தில் இன்று மிகுதியாக அச்சிடப்படுகிற டைட்டானியக் கலப்புலோகத்தில் நூற்றுக்கு 6 பங்கு அலுமினியம், 4 பங்கு வனேடியம், மீதி ஏறக்குறைய முழுவதும் டைட்டானியம். தொழில்காரர்கள் இதைச் ‘சிக்ஸ்-ஃபோர்’ என்பார்கள். டைட்டானியமோ நம் தென்கோடியில், கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கரையில், இல்மனைட் என்ற கறுப்பு மணலாகக் கிடக்கிறது. அந்த மணலிலிருந்து உலோகத்தைப் பிரிப்பதற்கு, லக்ஸம்பர்க் தேசத்து வில்லியம் குரோல் 1930களில் வகுத்து 1940இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற முறையே இன்றும் உலகெங்கும் வழங்குகிறது: குளோரினோடு சேர்த்து ஆவியாகப் பிரித்தெடுத்த டைட்டானியத்தை, காற்றுப் புகாத எஃகுக் கலத்தில், ஏறக்குறைய 800 பாகை வெப்பத்தில், உருகிய மக்னீசியத்தோடு வினைபுரிய விட்டால், குளோரினை மக்னீசியம் பறித்துக்கொள்ள, டைட்டானியம் துளைகள் நிறைந்த கட்டியாக நிற்கிறது. ஒரு கிலோ டைட்டானியத்துக்குச் சற்றேறக்குறைய ஒரு கிலோ மக்னீசியம் வேண்டும். கேரளத்துச் சவராவில் 2011 முதல் ஆண்டுக்கு 500 டன் கொள்ளளவுள்ள ஆலையொன்று இந்த வேலையைச் செய்கிறது. அதன் முதல் நோக்கம் ராக்கெட்டும் விமானமும்.

ஆகையால், ஒரு நோயாளியின் இடுப்பில் பொருத்துகிற உறுப்பில் கலக்கும் உலோகத்துக்கும், அதைப் பிரித்தெடுக்க உதவும் உலோகத்துக்கும் உரிய மூலக் கனிமங்கள் சேர்வராயனின் தலையிலும் காலடியிலும் இருக்கின்றன. இந்த மலை அலுமினியம் யாருடைய எலும்பிலோ இருக்கிறது என்று நான் பெருமை பேச வரவில்லை. அது மின்கம்பியாகப் போயிற்று, வெள்ளைக்கல் உலைக்குப் போயிற்று. மண்ணில் ஒன்று இருப்பதற்கும் அது மனித சரீரத்தில் ஏறத் தகுதி பெறுவதற்கும் இடையே எவ்வளவு நீண்ட வழி இருக்கிறது, அந்த வழியில் எந்தப் படியில் மதிப்பு ஏறுகிறது என்பதைக் காட்டவே இதைத் தொட்டேன். நம் மக்கள் அச்சு யந்திரத்தைப் பார்த்து வியக்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் அந்த வழியில் மிகச் சுலபமாக விலைக்கு வாங்கக்கூடிய ஒரே படி அந்த யந்திரம்தான்.

எலும்பு ஒரு செத்த தூண் அன்று. பாரம் ஏறும் இடத்தில் அது தடிக்கும். பாரம் குறைந்த இடத்தில் தன்னைத் தானே கரைத்துக்கொள்ளும். இதை ஜெர்மானிய வைத்தியர் ஜூலியஸ் வோல்ஃப் 1892இல் ஒரு விதியாகவே வகுத்துரைத்தார். இப்படிப்பட்ட எலும்புக்குப் பக்கத்தில் அதைவிடப் பன்மடங்கு விறைப்பான உலோகத்தை வைத்தால், பாரத்தையெல்லாம் உலோகம் வாங்கிக்கொள்ள, வேலையற்ற எலும்பு மெலிந்து, சில வருஷங்களில் உறுப்பே ஆட்டங்கண்டுவிடுகிறது. எலும்பின் கெட்டியான புறப்பகுதியின் விறைப்பு 15 முதல் 20 கிகாபாஸ்கல் வரை. துரு ஏறாத எஃகுக்கு ஏறக்குறைய 200. கோபால்ட்-குரோமியக் கலப்புக்கு அதற்கும் மேல். சிக்ஸ்-ஃபோர் டைட்டானியத்துக்கு 110. எஃகின் விறைப்பில் இது ஏறக்குறையப் பாதிதான் என்றாலும், எலும்போடு ஒப்பிட்டால் இதுவும் அதிகமே. ஆனால் அதே டைட்டானியத்தைத் திண்மமாக வார்க்காமல், கண்ணறைகள் நிறைந்த வலைப்பின்னலாகச் செய்தால், அதன் விறைப்பை எலும்பின் அளவுக்கே இறக்கிவிடலாம். அந்தக் கண்ணறைகளின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு முதல் அரைப் பங்குக்குச் சற்று மேல் வரை இருக்குமானால், இரத்த நாளங்களும் அவற்றைத் தொடர்ந்து புது எலும்பும் அதற்குள் வளர்ந்து புகுந்துவிடுகின்றன. டைட்டானியத்தோடு எலும்பு பகைமையின்றி ஒட்டி வளரும் என்ற உண்மையை, ஸ்வீடன் தேசத்துப் பிரனமார்க், 1952இல் முயல்களின் எலும்பில் வைத்த சிறு டைட்டானியக் குழாயைத் திரும்ப எடுக்க முடியாமல் போனபோதே கவனித்திருந்தார்.

ஆளுக்கேற்ற உறுப்பு என்பது அச்சு யந்திரத்தோடு பிறந்த எண்ணம் என்று யாரும் கருத வேண்டாம். போரில் கால் இழந்த விச்பலைக்கு அசுவினி தேவர்கள் உலோகக் கால் பூட்டியதாக ரிக் வேதத்தில் வருவதைப் புராணப் பிரியர்கள் சொல்வார்கள். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. நம் சென்னையிலேயே, முழங்காலுக்கு மேல் எலும்பில் புற்றுக் கட்டி கண்ட இளம்பிள்ளைகளின் காலை வெட்டி எறிவதே வழக்கமாயிருந்த காலத்தில், டாக்டர் மயில்வாகனன் நடராஜன் முதலியோர், எக்ஸ்-ரே படத்தில் நீளமும் பருமனும் அளந்து, அந்த அளவுக்கே உறுப்பை உள்ளூரில் கடைந்து செய்வித்துப் பொருத்தி, காலைக் காப்பாற்றினார்கள். வெளிநாட்டு உறுப்பு வாங்க வசதியற்ற குடும்பத்துப் பிள்ளைகள் நடந்து வீடு போனார்கள். இந்த முயற்சிக்குரிய பெருமையை நம் பத்திரிகைகள் போதிய அளவு கொடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் கடைசல் யந்திரத்தில் உருளையும் கூம்பும் எளிது. இடுப்புக் குழியின் ஒரு பக்கம் இடிந்துபோன வடிவத்தையோ, முள்ளெலும்பின் கோணலையோ, உள்ளெல்லாம் கண்ணறையான வலைப்பின்னலையோ கடைந்து எடுப்பது எந்த ஆசாரியாலும் ஆகாத காரியம்.

அங்கேதான் அச்சு முறை வருகிறது. சி.டி. ஸ்கேன் படங்களிலிருந்து எலும்பின் உருவத்தைக் கணிப்பொறியில் எழுப்பி, அதற்குப் பொருந்தும் உறுப்பை வரைந்து, அந்த வரைபடத்தை நூற்றுக்கணக்கான கிடைமட்டத் துண்டுகளாகச் சீவிக்கொள்கிறார்கள். பிறகு, மண்சுவர் வைக்கிறவன் ஒரு வரி வைத்து இறுகவிட்டு அதன்மேல் அடுத்த வரி வைப்பதுபோல, டைட்டானியத் தூளை ஒரு தட்டின்மேல் மெல்லப் பரப்பி, எங்கே உலோகம் வேண்டுமோ அங்கே மட்டும் லேசர் ஒளியால் உருக்கி, தட்டை ஒரு மயிரிழை இறக்கி, மீண்டும் தூளைப் பரப்பி, மீண்டும் உருக்குகிறார்கள். ஒரு பரப்பின் கனம் 30 முதல் 60 மைக்ரான். 5 சென்டிமீட்டர் உயரமுள்ள இடுப்புக் கிண்ணமொன்றுக்கு ஏறக்குறைய ஆயிரம் பரப்புகள். உருகும் சூட்டில் காற்றுப் பட்டால் டைட்டானியம் பிராணவாயுவைக் குடித்து நொறுங்கும் தன்மை அடையுமாதலால், ஆர்கான் வாயு நிரம்பிய அறையில் இது நடக்கிறது. லேசர் முறை 1990களின் நடுவில் ஜெர்மனியின் ஆகன் நகரத்து ஆராய்ச்சியாளர்களால் உருப்பெற்றது. ஸ்வீடனின் ஆர்காம் நிறுவனம் லேசருக்குப் பதிலாக எலெக்ட்ரான் கற்றையை வெற்றிடத்தில் பயன்படுத்திற்று. அந்த எலெக்ட்ரான் முறையில் அச்சிட்ட இடுப்புக் கிண்ணத்தை 2007இல் இத்தாலிய வைத்தியர் குய்டோ கிராப்பியோலோ ஒரு நோயாளிக்குப் பொருத்தினார்.

இதுவரை சொன்னது எல்லாரும் வீடியோவில் பார்த்து ரசிக்கிற பாகம். ரசிக்க ஒன்றுமில்லாத பாகம் யந்திரத்தின் கதவு திறந்த பிறகு ஆரம்பிக்கிறது. அங்கே நான் சற்று நிதானித்துப் பேச விரும்புகிறேன். லேசர் பட்ட இடம் கண்சிமிட்டும் நேரத்துக்குள் உருகிக் குளிர்ந்துவிடுவதால், உறுப்பு முழுவதும் உள்ளிழுவிசை தேங்கி நிற்கிறது. அதைச் சூட்டால் தணிக்காமல் தட்டிலிருந்து அறுத்தால், உறுப்பு வளைந்துவிடும். சட்டென்று குளிர்ந்த அதே காரணத்தால் உலோகத்தின் நுண்ணமைப்பு ஊசி ஊசியாக அமைந்து, பலம் மிகுந்து, வளையும் குணம் குன்றிவிடுகிறது. சில இடங்களில் தூள் முழுக்க உருகாமலும், சில இடங்களில் அளவுக்கு மீறி உருகி ஆவிக் குமிழி சிக்கியும், கண்ணுக்குத் தெரியாத வெற்றிடங்கள் உள்ளே தங்கிவிடுகின்றன. இவற்றை மூடுவதற்கு, ஏறக்குறைய 920 பாகைச் சூட்டில், காற்றின் அழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்கு அழுத்தமுள்ள ஆர்கான் கலத்தில், சில மணி நேரம் வைத்து உறுப்பை எல்லாப் பக்கமும் நெருக்குகிறார்கள். இதற்குரிய கலம் அச்சு யந்திரத்துக்குக் குறையாத செலவுடைய சாதனம். அதற்குப் பிறகு, அச்சிடும்போது உறுப்பைத் தாங்குவதற்காகக் கூடவே அச்சிட்ட தாங்குகால்களை வெட்டி நீக்க வேண்டும். வலைப்பின்னலின் கண்ணறைகளில் ஒட்டிக்கொண்டிருக்கிற உருகாத தூளை ஊதியும் கழுவியும் முற்றிலும் வெளியேற்ற வேண்டும். திருகாணி இறங்கும் துளையை மறுபடியும் கடைந்து செம்மையாக்க வேண்டும்.

இத்தனை ஜாக்கிரதை எதற்கென்று கேட்பவர்கள், இந்த மலைப் பாதைகளில் நடக்கிறவர்களை நினைத்துப் பார்க்க வேண்டும். சமதரையில் நடக்கும்போதே இடுப்பு மூட்டில் விழுகிற பாரம் உடல் எடையைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல். தடுக்கிச் சமாளிக்கிற க்ஷணத்தில் அது ஏழெட்டு மடங்குக்கு ஏறுகிறது. ஒரு காலுக்கு வருஷத்துக்குப் பத்து லட்சம் அடி என்பது பொறியாளர்கள் வைத்துக்கொள்கிற கணக்கு. காப்பிக் கொட்டை மூட்டையைச் சுமந்து சரிவில் இறங்குகிற பெண்ணுக்கு அந்தக் கணக்கே போதாது. உலோகம் ஒரே அடியில் முறிவதில்லை; குறையுள்ள ஏதோ ஒரு புள்ளியில் மிகச் சிறு விரிசல் தோன்றி, அடிக்கு அடி சிறிது சிறிதாக ஓடி, ஒருநாள் முறிகிறது. அச்சிட்ட உறுப்பின் சொரசொரப்பான மேற்பரப்பு எலும்புக்கு மிகவும் உவப்பானது. விரிசலுக்கும் அதே அளவு உவப்பானது. இந்த முரணே இந்தத் தொழிலின் கஷ்டம் முழுவதும். அதனால்தான் தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டை, 50 லட்சம் முறை அழுத்திப் பார்க்கும் சர்வதேசச் சோதனைக்கு உட்படுத்துகிறார்கள். அதனால்தான் அந்தத் தண்டை இன்றும் பெரும்பாலும் அடித்து வளர்த்த உலோகத்திலேயே செய்து, அச்சு முறையை இடுப்புக் கிண்ணம், முழங்காலின் கீழ்த்தட்டு, முதுகெலும்புகளுக்கு இடையே வைக்கும் கூடு போன்றவற்றுக்கு ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். உராய்வைத் தாங்கும் குணம் டைட்டானியத்துக்கு இல்லாமையால், கிண்ணத்துக்குள் பந்து உருளும் பரப்பு பாலிஎத்திலீனாகவோ பீங்கானாகவோதான் இருக்கும்.

தூளைப் பற்றி ஒரு வார்த்தை. உருகாமல் மிஞ்சுகிற தூளைச் சலித்து மறுபடியும் உபயோகிப்பார்கள்; அதன் விலை அப்படி. ஆனால் ஒவ்வொரு முறையும் அது சிறிது பிராணவாயுவை ஏற்றுக்கொள்கிறது. உடலுக்குள் வைக்கும் உயர்தரக் கலப்பில் பிராணவாயு நூற்றுக்கு 0.13 பங்குக்கு மேல் போகலாகாது. ஆகையால் எந்தத் தூள், எத்தனை முறை சலித்தது, எந்த உறுப்புக்குப் போயிற்று என்று எழுதிவைக்காத பட்டறையில் செய்த உறுப்பு, எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், என் உடலில் ஏறாது. அதே தட்டில் கூடவே அச்சிட்ட சோதனைக் கம்பியை இழுத்து முறித்துப் பார்த்த சான்றும் அதோடு வர வேண்டும்.

இனி, இது யாருக்கு? இந்தத் தோட்டங்களில் சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகைப் பறிக்க ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறுகிறவர் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தால், அவருக்கு வேண்டியது அச்சிட்ட உறுப்பு அன்று. விரைவாகச் சேலத்துக்கு இறக்கிச் செல்லும் வண்டியும், அங்கே அலமாரியில் தயாராக இருக்கிற சாதாரண எஃகு அல்லது டைட்டானிய ராடும், அதைச் செலுத்தத் தெரிந்த கையுமே அவருக்கு வேண்டியவை. அவரைப் புத்தூர்க் கட்டுக்குக் கொண்டு போவதா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதா என்று உறவினர்கள் விவாதிக்கிற நேரம்தான் பல வேளைகளில் அபாயமான நேரம். முறிவுகளில் மிகப் பெரும்பாலானவை அலமாரிச் சரக்காலேயே குணமாகின்றன. அளவெடுத்துச் செய்யும் உறுப்பு, அலமாரியில் எதுவும் பொருந்தாத சிலருக்கு: முன்பு வைத்த இடுப்பு ஆட்டங்கண்டு குழியே கரைந்துபோனவர்கள், கட்டியோடு எலும்பையும் அகற்ற நேர்ந்தவர்கள், நோயால் முள்ளெலும்பு அழிந்தவர்கள். 2017இல் குர்கானில், காசநோயால் கழுத்தின் மேல் முள்ளெலும்புகள் சிதைந்த ஓர் இளம்பெண்ணுக்கு அச்சிட்ட டைட்டானிய உறுப்பைப் பொருத்தியது பத்திரிகைகளில் வந்தது.

நமக்கு அருகிலுள்ள உதாரணம் எலும்பு மூட்டில் அன்று, முகத்தில். கொரோனாவைத் தொடர்ந்து வந்த கறுப்புப் பூஞ்சை நோயில் கன்ன எலும்பையும் மேல்தாடையையும் கண்குழியையும் இழந்தவர்களுக்காக, சென்னை ஐ.ஐ.டி.யின் உலோகவியல் துறையில் முருகையன் அமிர்தலிங்கம் குழுவினர், ஸோரியாக்ஸ் என்ற சென்னை நிறுவனத்தோடு சேர்ந்து, ஒவ்வொருவரின் ஸ்கேன் படத்துக்கும் ஏற்ப முக உறுப்புகளை டைட்டானியத் தூளிலிருந்து லேசரால் அச்சிட்டு வழங்கியதாக 2022இல் அறிவித்தார்கள். இரண்டு முகங்கள் ஒரு மாதிரி இருப்பதில்லை. ஆகவே இந்த முறைக்கு இதைவிடத் தகுந்த உபயோகம் இருக்க முடியாது. நடக்கும் பாரம் முகத்தில் விழாது என்பதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும். இடுப்புக்குப் போகும்போது பரீட்சை கடினமாகிறது.

1914இல் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்து, பின்னாளில் வேலூரில் பணியாற்றிய பால் பிராண்டு என்ற வைத்தியரை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். குஷ்டரோகத்தால் மடங்கிப்போன விரல்களை, நோயாளியின் சொந்தத் தசைநாணையே இடம் மாற்றித் தைத்து நிமிர்த்தியவர் அவர். அந்நியப் பொருள் ஒரு குண்டூசி அளவும் உள்ளே வைக்காமல் தீர்க்க முடிந்ததை அப்படியே தீர்ப்பதுதான் முதல் தரமான வைத்தியம் என்று உலோகத்தோடு வாழ்ந்த நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் ராஜ்யத்தில் இந்தத் தொழில் வளர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு என் விண்ணப்பம் வேறு மாதிரியானது. அச்சு யந்திரங்களை வாங்குவதற்கு மானியம் கேட்க வேண்டாம். தூளைச் சோதிக்கவும், உறுப்பை லட்சக்கணக்கான முறை அழுத்திப் பார்க்கவும், உள்ளே இருக்கும் வெற்றிடத்தைப் படமெடுக்கவும், எல்லாப் பட்டறைகளும் பொதுவாக உபயோகிக்கத்தக்க பரிசோதனை நிலையத்தை, எஃகு ஆலையும் மருத்துவக் கல்லூரியும் ஏற்கெனவே இருக்கிற சேலத்தில் கேளுங்கள். எலும்பு இம்பிளான்டுகள் 2005 முதல் மருந்துச் சட்டத்தின் பார்வைக்குள் வந்துவிட்டன. 2017இல் மருத்துவச் சாதனங்களுக்கென்றே தனி விதிகளும் பிறந்தன. விதி இருக்கிறது, அதன்படி நிரூபித்துக் காட்டும் வசதிதான் சிறு தொழில்காரர்களுக்கு எட்டுவதில்லை.

கடைசியாக, உங்களில் எவருக்கேனும், அல்லது உங்கள் குடும்பத்தில் எவருக்கேனும், அச்சிட்டதோ அடித்ததோ, ஓர் உலோக உறுப்பு பொருத்த நேர்ந்தால், அதன் பெட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி, ரேஷன் கார்டும் பட்டாவும் இருக்கிற இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் செய்தவர் பெயரும், அளவும், தொகுதி எண்ணும் இருக்கும். பதினைந்து வருஷம் கழித்து அதை எடுக்கவோ மாற்றவோ வேண்டி வரும்போது, எந்தத் திருப்புளி அந்தத் திருகாணிக்குப் பொருந்தும் என்பதுகூட அந்தச் சீட்டு இல்லாவிட்டால் வைத்தியருக்குத் தெரியாது. திறந்த காயத்தோடு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்க நேரிடும். அளவெடுத்து அச்சிட்ட உறுப்பானால், சீட்டு மட்டும் போதாது. அதன் கணிப்பொறிக் கோப்பும் வேண்டும். அந்தக் கோப்பு ஆஸ்பத்திரியில் இருக்குமா, செய்த நிறுவனத்தில் இருக்குமா, நிறுவனம் மூடிவிட்டால் எங்கே போகும் என்பதை, கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பிரதியை உங்கள் பிள்ளையிடம் கொடுத்து வையுங்கள்.

உங்கள் கேள்விகளை இனிக் கேட்கலாம்.